கை புடிக்கிற வேலை

உக்காருங்க, உக்காருங்க. சமோசா பொட்டலத்த அப்புறம் பிரிச்சுக்கலாம், அது எங்கயும் ஓடிடாது. ஏய், பின்னாடி நிக்கிற நீலப் பொடவ, உன்னத்தான். பக்கத்துல இருக்கறவ காத வுடு, அவளும் உக்காரட்டும். கொஞ்ச நேரம் பேச்ச நிறுத்துங்கடி. இந்த ஹால்ல பேசறதுக்குன்னே ஒருத்திய கீழ கள்ளக்குறிச்சியிலருந்து ஜீப்புல ஏத்திக்கினு வந்திருக்காங்க. அது நானு.

நம்ம வேல இன்னான்னு கேட்டா, பொம்பளைங்க தன் புருசன்கிட்ட கூட பேசாத ஒரு எடத்த பத்தி, முன்ன பின்ன தெரியாதவ வாசல்ல போயி நின்னுக்கினு பேசறது. புதுசா சேந்திருக்கற உங்களுக்கு இன்னிக்கு சிரிப்பா இருக்கும். ஒரு மாசம் ஏறி எறங்குங்க, அப்புறம் என்ன மாதிரியே முட்டிக்கு தைலம் தேய்ச்சிக்கினு உக்காந்திருப்பீங்க.

காலையில டாக்டரம்மா படம் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நான் எட்டாவது பெயிலு. எனக்கு புரிஞ்சத என் பாஷையில சொல்றேன். ஒரு வைரஸ்ஸு இருக்குது. புருசன் பொண்டாட்டின்னு வாழறவங்கள்ல அனேகமா எல்லாருக்கும் எப்பவாவது ஒரு தபா ஒட்டிக்கும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சில பேருக்கு மட்டும் போவாம உள்ளயே குந்திக்கினு இருக்கும். வலி கெடையாது, காய்ச்ச கெடையாது. அப்படியே வருசக்கணக்கா இருந்து கர்ப்பப்பை வாயில கெடுதல் பண்ணி கான்சர்ல கொண்டாந்து வுட்டுடும். அதுக்கு முன்னாடி கண்டுபுடிச்சா சின்ன வைத்தியம், வூட்டுக்கு போயி ஒல வெக்கலாம். அதுக்குத்தான் இந்த டியூபு. முப்பது தாண்டினவங்க மறைவா போயி, இந்த பிரஷ்ஷால தானே உள்ள சுத்தி எடுத்து, டியூபுல போட்டு மூடி குடுக்கணும். லேபுல பாத்து வைரஸ் இருக்குதுன்னு வந்தா, டாக்டரம்மா கேம்புல படுக்க வெச்சி பாப்பாங்க. படுக்கறவங்க கைய புடிச்சிக்கறது நானு. என் பேரு ஜரினா. ஆளு கூப்புடறது, டியூபு குடுக்கறது, கை புடிக்கறது, மூணும் என் வேல.

இன்னொண்ணு. நான் எல்லாரு மாதிரியும் பேசி காட்டுவேன். டாக்டரம்மா மாதிரி, சிஸ்டர் மாதிரி, ஜீப்பு கொண்டை ஊசி வளைவுல மொனகறது மாதிரி கூட. ஒருத்தி மாதிரி மட்டும் எனக்கு வரவே இல்ல. கடைசி வரிசையில சொவுத்தோரமா உக்காந்திருக்கறாளே, சின்னப்பொண்ணு, அவ. பேசினாத்தானே நான் திருப்பி பேசறதுக்கு! அவ மாமியா கததான் இன்னிக்கு பெரிய கத. ஆனா அதுக்கு முன்னாடி நாலு சின்ன கத இருக்குது.

வளையல் ஏறுற கையி

இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நான் வளையல் வித்துக்கினு இருந்தேன். எங்க வூட்டுக்காரரு கடைத்தெருவுல சின்னதா பேன்சி ஸ்டோர் வெச்சிருக்காரு. அவரு கடையில குந்திக்குவாரு, நான் பைய தூக்கிக்கினு தெருத் தெருவா, மலைக்கு கூட வருவேன். வளையல் போட்டு வுடறதுல ஒரு சூட்சுமம் இருக்குது. கைய இறுக்கிப் புடிச்சா எலும்பு நிமிந்துக்கும், வளையல் ஏறாது, ஒடஞ்சிடும். கைய லேசா அமுக்கிக்கினே, “உங்க நாத்தனாரு இந்த தபா வந்தாங்களா?”ன்னு ஒரு கேள்வி கேக்கணும். அவ்ளோதான். வாயி ஓடும், கை தளரும், வளையலு வழுக்கிக்கினு உள்ள போயிடும்.

டாக்டரம்மா மேசையிலயும் இதே கததான். பயந்து இறுக்கிக்கினா வலிக்கும். மொத மொத நான் கை புடிச்சது டவுன்ல ஒரு தையக்காரம்மாவுக்கு. பலக மாதிரி வெறச்சிக்கினு கெடந்தாங்க. டாக்டரம்மா, “லூசா வுடுங்கம்மா, லூசா வுடுங்க”ன்னு பூன மாதிரி சொல்லிக்கினே இருக்காங்க. ஒண்ணும் நடக்கல. நான் காதுகிட்ட போயி நாத்தனார பத்தி கேட்டேன். அம்மாடி! ஆரம்பிச்சாங்க பாருங்க. மூத்த நாத்தனாரு, எளய நாத்தனாரு, சீமந்தத்துல நடந்த சண்ட. “முடிஞ்சிடுச்சும்மா, எழுந்துக்கலாம்”னு டாக்டரம்மா கையுறைய கழட்டறாங்க. தையக்காரம்மாவுக்கு கோவம் வந்துடுச்சு. “இரும்மா, அவ என் பீரோ சாவிய எடுத்த எடத்துக்கு இப்பத்தான் வந்திருக்கேன், அதுக்குள்ள முடிஞ்சிடுச்சின்றியே!”

சிஸ்டர் நீட்டின டியூபு

இத சிரிச்சிக்கினே சொல்ல முடியுதான்னு பாக்கறேன். எங்க பெரியக்காவ திருநாவலூர் பக்கம் குடுத்திருந்தோம். தூரம் நின்னு ரெண்டு மூணு வருசம் ஆனப்புறம் திரும்பவும் ரத்தம் பட்டுச்சு. யாருகிட்ட சொல்லுவா? மருமவன் எடுத்த வூடு, வெக்கம். துணிய மறச்சி மறச்சி தோச்சிக்கினு இருந்திருக்கா. நான் மாசம் ஒரு தபா போவேன், கையில வளையலு போட்டு வுடுவேன், ஊர்க்கத எல்லாம் நடிச்சி காட்டி சிரிக்க வெப்பேன். அவளும் சிரிச்சா. கை எளச்சிக்கினே வந்துது, வளையல் சைஸு கம்மி ஆயிக்கினே வந்துது. அத பாத்தும் எனக்கு தோணல. ஆசுபத்திரிக்கு தூக்கிக்கினு போனப்ப, ரொம்ப லேட்டுன்னுட்டாங்க. அக்கா போன அடுத்த வருசம்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

நம்ம நர்சு மேரி சிஸ்டருக்கு இது தெரியும். சேந்த மொத வாரமே ஒரு டியூபுல என் பேர எழுதி நீட்டினாங்க. “எனக்கும் நாப்பத்தி நாலு ஆவுது, எடுத்துக்கறேன் சிஸ்டர், நாளைக்கு”ன்னேன். மறுநாளு, “இன்னிக்கு நோன்பு”ன்னேன். நோன்பு மாசம் போச்சு, அதுக்கப்புறம் மழ வந்துச்சு, அதுக்கப்புறம் மலையில திருவிழா வந்துச்சு. ஒரு நாளு சிஸ்டரு கேட்டுட்டாங்க, “இன்னாதான் ஜரினா உனக்கு பயம்?” நான் சிரிச்சிக்கினே, “டியூபுக்கு இன்னா சிஸ்டர் பயம்? அதுல எதுனா வந்துட்டா படுக்கணுமே. எல்லாரு கையும் நான் புடிக்கறேன். என் கைய யாரு புடிப்பா?”ன்னேன். அவங்க சிரிக்கல. டியூப திரும்பவும் டப்பாவுல வெச்சாங்க. “உன் பேரு அழியாம இருக்கறதுக்கு மேல ஒரு டேப்பு ஒட்டி வெச்சிருக்கேன். அது பாட்டுக்கு இருக்கும், நீ வா.”

இன்னும் இருக்குது அந்த டியூபு, அதே பேரு, அதே டேப்பு. சரி சரி, என்ன அப்படி பாக்காதீங்க. அடுத்த கதைக்கு வாங்க.

இரும்புக்கட பாய் ஷட்டர எறக்கின நாளு

இத நல்லா கேட்டுக்கோங்க, நம்ம தொழில்ல நடக்கற பெரிய தப்பு. போன் நம்பர எழுதறப்ப அது யாரு நம்பருன்னு கேக்கணும். எங்க கடைத்தெருவுல ஒரு இரும்புக்கட. அந்த பாயோட சம்சாரம் டியூபு குடுத்தாங்க, நம்பரும் குடுத்தாங்க. நான் எழுதிக்கினேன். ரிசல்டு வந்து நான் போன் பண்ணி, சலாம் சொல்லி, “வைரஸ் இருக்குதுன்னு வந்திருக்கு, பயப்படாம கேம்புக்கு வாங்க”ன்னு கடகடன்னு ஒப்பிச்சிட்டேன். அந்தாண்ட ஒரு ஆம்பள தொண்ட இருமுது. நம்பரு பாயோடது!

மறுநாளு ரெண்டு பேரும் வந்தாங்க. அந்தம்மா ஒரு மூலையில, அவரு ஒரு மூலையில. அந்தம்மாவுக்கு, ‘என்ன தப்பா நெனைச்சிட்டாரோ’ன்னு பயம். அவருக்கு, ‘என்னாலதான் வந்துதுன்னு நெனைக்கறாளோ’ன்னு பயம். வேர்த்து ஊத்துது மனுசனுக்கு, கிலோ கிலோவா ஆணிய எட போடறவரு, ஸ்டூலு நுனியில குந்திக்கினு இருக்காரு. டாக்டரம்மா நிதானமா சொன்னாங்க: இது எப்ப வந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, பத்து வருசம் இருவது வருசம் முன்னாடி வந்து தூங்கிக்கினு கூட இருந்திருக்கலாம், யாராலன்னு கேட்டு ஒரு பிரயோசனமும் இல்ல, கண்டுபுடிச்சிட்டோம், அதுதான் நல்லது. உள்ள பாத்தாங்க, இப்போதைக்கு கெடுதல் ஒண்ணும் இல்ல, அடுத்த வருசம் திரும்ப வரணும்னாங்க. 

நான் வெளிய வந்து பாயிகிட்ட, “நீங்க கடைக்கு போங்க பாய், அவங்கள நான் வூட்ல வுடறேன்”னேன். வெள்ளிக்கிழம தொழுகைக்கு தவுர ஷட்டர எறக்காத மனுசன் அவரு. செருப்ப மாட்டிக்கினே சொன்னாரு: “கடைய இன்னிக்கு தெறக்கறதா இல்ல. இவ்ளோ வருசமா அது தெறந்தே இருந்து இவளுக்கு இன்னா பிரயோசனம்?”

கருணாபுரத்து மொத ஆளு

எங்க கேம்பு போட்டாலும் மொத ஆளு வர்றதுக்குள்ள எனக்கு தொண்ட வத்திடும். கருணாபுரத்துல மட்டும் நாங்க பாய விரிக்கறதுக்கு முன்னாடியே ஒரு பொண்ணு வந்து நின்னுக்கினு இருந்தா. சித்தாள் வேலைக்கு போறவ, தலையில சும்மாடு வெக்கற துணியோட. ஒரு கையில பையன், இன்னொரு கையில பத்து வயசு பொண்ணு. அந்த ஊருல அத்தன பேர கொண்ட வெஷச் சாராயத்துல புருசன பறிகொடுத்தவ. “டியூபு குடு, சீக்கிரம் போணும்”னா. டியூபு வாங்கறப்பவே, “இவளுக்கு இந்த நோவு வராம இருக்க ஊசி இருக்குதாமே, அது எங்க போடறாங்க?”ன்னு மகள முன்னாடி தள்ளி வுட்டா. இந்த வயசுல போட்டாத்தான் நல்லா வேல செய்யும்னு டாக்டரம்மா சொல்லி, எங்க போணும்னு எழுதி குடுத்தாங்க.

எனக்கு வாயி சும்மா இருக்குமா? வழக்கமா கேக்கற மாதிரி, “பயமா இல்லயா கண்ணு?”ன்னு கேட்டேன். துணிய உதறி தலையில கட்டிக்கினே என்ன பாத்தா. “பயப்படறதுக்கு எனக்கு ஏதுக்கா லீவு? இதுங்களுக்கு இருக்கறது நான் ஒருத்திதான்.”

அவளுக்கு ரிசல்டு நல்லபடியா வந்துது. அத சொல்ல நானே சித்தாள் வேல நடக்கற எடத்துக்கு ஓடினேன். போனுல சொன்னா பத்தாதுன்னு தோணிச்சு.

மூணு டியூபு

இப்ப சின்னப்பொண்ணு மாமியா. பேரு ராமாயி. கரியாலூருக்கு அந்தாண்ட, பஸ்ஸ வுட்டு எறங்கி மரவள்ளி கொல்லைக்கு நடுவுல ஏறணும். பதினஞ்சுலயே வாக்கப்பட்டு இப்ப அம்பத தொட்ட பொம்பள, மருமவளுங்களே முப்பது தாண்டிட்டாளுங்க, ஆனா வூட்ல எல்லாமே அவங்கதான். பெரிய மருமவ அலமேலு, சின்ன மருமவ சின்னப்பொண்ணு, ரெண்டு பேருக்கும் சேத்து ராமாயியே பேசுவாங்க. வளையலு விக்கறப்பவே பாத்திருக்கேன், மருமவ கைக்கு இன்னா கலரு புடிக்கும்னு மருமவள கேட்டா பதிலு மாமியாகிட்டருந்து வரும். அளவு பாக்க தன் கைய நீட்டுவாங்க!

அன்னிக்கு நான் போனப்ப மருமவளுங்க ரெண்டு பேரும் சாம கொல்லையில கள எடுக்க போயிருந்தாங்க. எனக்கு முட்டி வலி. இன்னும் மேல நாலு வூடு இருக்குது. இன்னா பண்ணேன், மூணு டியூபுலயும் மூணு பேர எழுதி ராமாயி கையில குடுத்து, எப்படி எடுக்கறதுன்னு நடிச்சி காட்டி, “சாயந்தரம் எறங்கறப்ப வாங்கிக்கறேன்”னுட்டு போயிட்டேன். இதுதான் நான் பண்ண தப்பு. அவங்கவுங்க டியூப அவங்கவுங்க கையிலதான் குடுக்கணும். எழுதிக்கோங்க, எழுதறவங்க. சாயந்தரம் மூணு டியூபும் சுத்தமா மூடி, தக்காளி கூடையில நிமித்தி வெச்சி ரெடியா இருந்துச்சு. எனக்கு ஒரே சந்தோசம். 

கொஞ்ச நாளு கழிச்சி ரிசல்டு வந்துது. மூணு பேருக்கும் வைரஸ்ஸு. அதுவும் கெட்ட வக. டாக்டரம்மாவுக்கு மூஞ்சியே மாறி போச்சு. “ஒரே வூட்ல மூணு பொம்பளைங்களுக்குமா?” ஜீப்பு எடுத்துக்கினு டாக்டரம்மா, சிஸ்டரு, நானு மூணு பேரும் மல ஏறினோம். வழியெல்லாம் நான் ஒரு ஜோக்கு கூட அடிக்கல, டிரைவரு பயந்துட்டாரு.

வாசல்ல சின்னப்பொண்ணு மொறத்துல சாம பொடச்சிக்கினு இருந்தா. டாக்டரம்மா அவகிட்ட போயி மெதுவா, “டியூபுல எடுக்கறப்ப எதுனா கஷ்டமா இருந்துதாம்மா?”ன்னு கேட்டாங்க. அவ தலைய தூக்கி, “எந்த டியூபு?”ன்ற மாதிரி மாமியாவ பாத்தா. ராமாயிதான் முன்னாடி வந்தாங்க, பெருமையா.

“அவளுக்கு இன்னா தெரியும்? மூணுத்தையும் நான்தான் எடுத்தேன். அவளுங்கதான் கொல்லையில இருந்தாளுங்களே.”

“மூணுத்தையும்னா?”ன்னேன் நானு.

“மூணு தபா எடுத்தேன் வளையல்காரி. நீ காட்டின மாதிரியே சுத்தி சுத்தி. மூணாவது எடுக்கறப்ப கொஞ்சம் எரிஞ்சிது, பரவால்லன்னு வுட்டுட்டேன்.”

டாக்டரம்மா அப்படியே மொளகா மூட்ட மேல உக்காந்துட்டாங்க. மேரி சிஸ்டரு சொவுத்து பக்கம் திரும்பிக்கினாங்க, தோளு மட்டும் குலுங்குது. “ஏன் ராமாயி, உன் ஒடம்புல எடுத்தா மருமவ ஒடம்பு எப்படி தெரியும்?”னு நான் கத்தினேன். ராமாயிக்கு என்ன பாத்து எரக்கமா போச்சு, இவ்ளோ சின்ன விசயம் இவளுக்கு புரியலயேன்னு. “ஏன், ரேசன் கடையில நான் ஒருத்தி கைரேக வெச்சா வூட்டுக்கு மொத்தத்துக்கும் அரிசி போடறான் இல்ல?”

பதிலுக்கு ஆளு

சிரிச்சி முடிச்சப்புறம்தான் எங்களுக்கு ஒறச்சிது. மூணு டியூபும் ஒருத்தியுது. மூணும் கெட்டது. அப்ப யாருக்கு வைரஸ்ஸுன்றதுல சந்தேகமே இல்ல.

டாக்டரம்மா பக்கத்துல உக்காந்து எடுத்து சொன்னாங்க. இது கான்சர் இல்ல, ஆனா வுட்டா ஆவலாம், படுக்க வெச்சி ஒரு தபா பாத்துடணும், கெடுதல் இருந்தா அப்பவே சரி பண்ணிடலாம். ராமாயி மூஞ்சி கல்லு மாதிரி ஆயிடுச்சு. மொதல்ல, “சாம அறுப்பு முடியட்டும்”னாங்க. அப்புறம், “மரவள்ளி புடுங்கணும்”னாங்க. அப்புறம், “எனக்கு இன்னா இனிமே, பேரம் பேத்தி பாத்துட்டேன்”னாங்க. எனக்கு ஒவ்வொண்ணும் எங்கயோ கேட்ட மாதிரியே இருந்துச்சு. சிஸ்டரு என்ன ஒரு தபா பாத்தாங்க. நான் மொறத்த பாத்தேன்.

கடைசியா ராமாயி ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. சின்னப்பொண்ண காட்டி, “சரி, நான் அவளுக்கு பதிலா டியூபு குடுத்தேன் இல்ல? இப்ப எனக்கு பதிலா இவள கூட்டினு போ. இவ படுத்துக்குவா. ஊசி போடு, இன்னா வேணா பண்ணு, வாய தொறக்க மாட்டா”ன்னாங்க. கிண்டலுக்கு சொல்லல. சத்தியமா, நெசமாவே சொன்னாங்க.

சின்னப்பொண்ணு மொறத்த கீழ வெச்சா. கையில ஒட்டின தவிட்ட தட்டினா. அத்தன வருசம் அந்த வூட்டுக்கு போயிருக்கேன், அவ கொரல அன்னிக்குத்தான் கேட்டேன். சத்தம் கூட போடல. “நான் போயி படுத்துக்கறேன் அத்த. நோவு வந்தா அதயும் உனக்கு பதிலா நானே பட்டுக்கறேன். சாவறது மட்டும் யாருன்னு இப்பவே சொல்லிடு.”

ஒடஞ்ச வளையலு

அடுத்த கேம்புக்கு ராமாயி வந்துட்டாங்க. திருவிழாவுக்கு போற மாதிரி கட்டம் போட்ட புதுப்பொடவ, தலையில பூவு, டாக்டரம்மாவுக்கு ஒரு பை சாம. ரெண்டு பக்கமும் மருமவளுங்க. மொதல்ல அவளுங்க ரெண்டு பேரும் தனித்தனியா, கதவ சாத்திக்கினு, அவங்கவுங்க டியூப அவங்கவுங்களே எடுத்தாங்க. நான் கதவுக்கு வெளிய போலீஸ்காரன் மாதிரி நின்னேன், ராமாயி உள்ள பூந்துடப் போறாங்களேன்னு. அவளுங்க ரெண்டு பேருக்கும் அப்புறமா ரிசல்டு சுத்தமா வந்துது, அத இப்பவே சொல்லிடறேன், நீங்க கவலப்படாதீங்க.

ராமாயிய மேசையில படுக்க வெச்சோம். வினிகர் மாதிரி ஒரு தண்ணி தடவுவாங்க, கெட்டுப்போன எடம் இருந்தா வெள்ளையா காட்டும். காட்டுச்சு. சின்னதா, வெரல் நுனி அளவுக்கு. டாக்டரம்மா மூச்ச வுட்டாங்க. “சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க. இப்பவே சூடு வெச்சி பொசுக்கிடலாம், ரொம்ப நேரம் ஆவாது”ன்னாங்க. ராமாயி, “சூடா? காமாலைக்கு எனக்கு கையில போட்டாங்க, நான் கத்தலயே”ன்னாங்க. டாக்டரம்மா, “அது வேற, இது வேற, இனிமே காமாலைக்கு என்கிட்ட வாங்க”ன்னு ஒரு அதட்டு போட்டாங்க.

ராமாயியோட ஒரு கையி என்கிட்ட. இன்னொரு கையி சின்னப்பொண்ணுகிட்ட. நான் என் வேலைய ஆரம்பிச்சேன். நாத்தனாரு கத கேட்டேன், ரேசன் கடக்காரன் மாதிரி பேசினேன், எங்க வூட்டுக்காரரு கொறட்ட வுடறத வுட்டு காட்டினேன். ராமாயி என் பக்கம் திரும்பவே இல்ல. சின்னப்பொண்ணு மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தாங்க. அவ ஒரு வார்த்த பேசல. சும்மா குனிஞ்சி மாமியா கண்ண பாத்துக்கினு நின்னா, அவ்ளோதான். சூடு வெக்கறப்ப ராமாயி ரெண்டு கையையும் ஒரே நெரியா நெரிச்சாங்க. என் கையில இருந்த கண்ணாடி வளையலு ஆறும் படபடன்னு நொறுங்கிச்சு, நான் ‘அம்மா’ன்னு கத்திட்டேன். கள எடுக்கறவ கையில ஏது வளையலு? சின்னப்பொண்ணு கையி செவ செவன்னு செவந்து போச்சு. அவ கைய இழுக்கல.

எல்லாம் முடிஞ்சி, ஒரு வருசம் கழிச்சி திரும்ப வந்து பாத்துக்கணும்னு சொல்லி எறக்கி வுட்டாங்க. ராமாயி பொடவைய சரி பண்ணிக்கினு, தரையில கெடக்கற வளையல் துண்ட பாத்தாங்க, என்ன பாத்தாங்க. “படுத்தவ நானு, சூடு எனக்கு. நீ எதுக்குடி வளையல்காரி கத்தின?”

அவ்ளோதான்

இதான் நம்ம வேல. இப்ப சின்னப்பொண்ணும் உங்க கூட சேந்திருக்கா, கரியாலூர் பக்கம் அவதான் இனிமே டியூபு குடுக்கப் போறா. ராமாயியே வூட்டு வேலைய பாத்துக்கறேன்னு சொல்லி அனுப்பி வெச்சிருக்காங்க. 

சரி, சமோசாவ பிரிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோங்க. இத்தன நாளா மல ஏறி எறங்கி நான் கத்துக்கினது, எந்த பொம்பள மாதிரி வேணா நான் நடிச்சி காட்டிடலாம், ஆனா எந்த பொம்பளைக்கு பதிலாவும் ஒரு டியூபு குடுக்க முடியாது.

இன்னா சிரிக்கறீங்க? யாரு அது எழுந்து வர்றது? சின்னப்பொண்ணா? இன்னாடி கையில? மேரி சிஸ்டரு டப்பாவுலருந்து எத எடுத்துக்கினு வர்ற? ஏய், டேப்பு ஒட்டினது... சிஸ்டர், இது உங்க வேலதானே! ஏம்மா, நாளைக்கு எடுத்துக்கறேன்மா, இன்னிக்கு இவ்ளோ பேரு முன்னாடி, முட்டி வேற வலிக்குது, அப்புறம் எதுனா வந்துதுன்னா என் கைய...

“வந்தா நான் புடிச்சிக்கறேன்க்கா. நீ பேச்ச நிறுத்திட்டு உள்ள போ.”